காலியாகத் திரும்பாத தூக்கு

"இந்த ஏப்ரல்ல சூரியனுக்கு நம்ம தெருவுல என்ட்ரி கிடையாது. என் பொண்ணு ஸ்டே வாங்கிட்டா. மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்கல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. கவர்மென்ட்டுக்கு இதுல ஒத்தப் பைசா செலவு இல்ல, ஜனங்க தானா முன்னாடி வந்து செய்வாங்க. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க."

அல்சூர் ஐயங்கார் பேக்கரி வாசலில், ஒரு கையில் காரா பன்னும் மறு கையில் டீயுமாக நின்று டென்சில் இப்படி அறிவித்தபோது மணி காலை ஏழரைதான். அதற்குள் வெயில் வேலையை ஆரம்பித்துவிட்டது. தெரு நாய்கள் நாலு காலையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. பேக்கரியில் வெண்ணெய் பிஸ்கட் அடுப்புக்குப் போகாமலே வெந்துகொண்டிருந்தது.

டென்சில் டெலிபோன் இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தேழு. அல்சூரில் அவர் ஏறாத மொட்டை மாடி கிடையாது. பாதி வேலைக்காக ஏறியது, மீதி வேடிக்கைக்காக. அவர் ஓய்வு பெற்ற அன்று பெங்களூர் கிழக்கில் அறுநூறு டெலிபோன்கள் துக்கம் தாங்காமல் வாயடைத்துப் போய்விட்டன என்று சொல்வார்கள். சொல்வது டென்சில்தான்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்தார்கள். எட்டாவது ஆள் சிரிக்கவில்லை. அவர் சந்திரசேகரன், பதினோராம் நம்பர் வீட்டுக்காரர், மாநிலக் கருவூலத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளம் நின்ற பிறகும் மனுஷன் வேலையை விடவில்லை.

"யோவ் டென்சில்," என்றார். "தள்ளுபடி, மானியம் எதுவும் இல்லாம ஒருத்தன் தன் சொந்தக் காசைப் போட்டு ஊருக்கு நல்லது செய்வானா? முப்பத்து நாலு வருஷம் பார்த்தவன்யா நான். இந்த ஊர்ல ரசீது இல்லாம எவனும் தும்மக்கூட மாட்டான்."

"செய்வாங்க சார்."

"ஆதாரம்?"

டென்சிலிடம் ஆதாரம் இல்லை. மகள் சொன்னதில் பாதியைப் புரிந்துகொண்டு, புரியாத பாதியை அவரே தயாரித்திருந்தார்.

மகள் பெயர் ஜோவிதா. முப்பத்தெட்டு வயது, பொருளாதார ஆராய்ச்சியாளர். வெயிலால் அரசுக் கஜானாவுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அவள் அம்மா டோரதி மாதா கோயிலில் எல்லோரிடமும் "என் பொண்ணு வெயில் டாக்டர்" என்று சொல்லிவைத்ததில், பூசை முடிந்ததும் நாலு பேர் அவளிடம் வேர்க்குருவுக்கு மருந்து கேட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், வெயில் ஏறினால் வீட்டுக்குள் விசிறி நிற்காமல் சுற்றுகிறது. அந்தக் கரண்டுக்கு அரசு மானியம் கட்டுகிறது. தண்ணீர் லாரி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று அதற்கு மேலும் ஆகிறது. மாடித் தரையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் பூசினால் வீடு நாலைந்து டிகிரி குளிரும், விசிறியும் மூச்சு விடும், கஜானாவும் மூச்சு விடும். அப்படியானால் மாடிக்கு வெள்ளையடிக்கிறவர்களுக்குச் சொத்து வரியில் அரசு தள்ளுபடி தரலாமா? தந்தால் எவ்வளவு? ஏப்ரல் கடைசியில் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பில் அந்தக் கணக்கை நிதித் துறை கேட்டிருந்தது. அது எடுபட்டால் நகரத்தில் முன்னோட்டத் திட்டம், ஜோவிதாவின் ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருஷம். எடுபடாவிட்டால் மே மாதத்தோடு மூட்டை. டெல்லியில் ஒரு நிறுவனம் ஏற்கெனவே வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அங்கே போய்விடுவாள்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேக்கரியில் சொல்லிவிடும் டென்சில் இந்த டெல்லி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை நினைத்தால் அவருக்குக் காரா பன் இறங்கவில்லை.

ஜோவிதா முதலில் செய்தது, தெருவில் தங்கள் வீடு தவிர்த்த இருபத்து நாலு வீடுகளுக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டது: "எவ்வளவு தள்ளுபடி தந்தா உங்க மாடிக்கு நீங்களே வெள்ளையடிப்பீங்க?"

பத்தாம் நம்பர் குளோரியா, "எவ்வளவு தர்றதா இருக்காங்களோ, அதுக்கு மேல ஒரு ஐநூறு போட்டுக்கோம்மா," என்றாள்.

சந்திரசேகரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "முழுச் சொத்து வரியும் தள்ளுபடி. அஞ்சு வருஷத்துக்கு. பெயின்ட் அவங்களது. அடிக்கிற கூலியும் அவங்களது. காயற வரைக்கும் நான் மாடியில துணி காயப்போட முடியாது பாரு, அதுக்கும் ஏதாவது."

"அங்கிள், உங்க வீடுதானே குளிரப் போவுது?"

"அது வேற விஷயம்மா."

சராசரியாக வீட்டுக்கு ஆறாயிரம் வந்தது. ஜோவிதா அதைப் பெங்களூரில் உள்ள வீடுகளால் பெருக்கினாள். பூஜ்யங்கள் கால்குலேட்டரில் இடம் போதாமல் மேசைமேல் வழிந்து தரைக்கு ஓடின. இந்தத் தொகையை நிதித் துறையில் காட்டினால் டெல்லிக்கு ரயில் டிக்கெட்டை அவர்களே எடுத்துத் தந்துவிடுவார்கள்.

இருந்தாலும் சோதனையை நடத்தியாக வேண்டும். இருபத்து நாலு வீட்டின் பெயரையும் சீட்டில் எழுதி, டோரதியின் ஐந்து லிட்டர் குக்கரில் போட்டுக் குலுக்கினார்கள். பன்னிரண்டு வீடுகளுக்குச் சீட்டு விழுந்தது. அவற்றுக்கு ஆராய்ச்சிப் பணத்தில் ஆளுக்கு ஒரு இருபது லிட்டர் பக்கெட் பெயின்ட். மீதிப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒன்றும் கிடையாது. அவை அப்படியே இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். எல்லா வீட்டுக் கூரையின் அடியிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெப்பமானி ஒட்டப்பட்டது. ஜோவிதாவின் வீடு என்பதால் டென்சிலின் வீடு கணக்கிலேயே இல்லை. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு பதவி கிடைத்தது: தெரு மேற்பார்வையாளர்.

"ஒரே ஒரு வேலைதான் டாடி. சீட்டு விழாத வீட்டு மாடி இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். வெள்ளையும் சாம்பலும் கலக்கவே கூடாது. அது மட்டும் நடந்துச்சுன்னா எல்லாம் போச்சு."

"என் பொணத்தைத் தாண்டித்தான் கலக்கும்," என்றார் டென்சில். அன்று சாயங்காலம் தெருவை நாலு முறை சுற்றிவந்தார். ஒரு சாம்பல் மாடியைப் பார்த்து, "ஒண்ணும் பயப்படாதே, நான் இருக்கேன்," என்றுகூடச் சொன்னார்.

இங்கேதான் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி வீடு வேதக்காரர்கள், பாதி வீடு இந்துக்கள். கிறிஸ்துமஸுக்கு இந்தப் பாதியிலிருந்து கல்கல் பலகாரம் போகும், தீபாவளிக்கு அந்தப் பாதியிலிருந்து அதிரசம் வரும். நடுவில் ஞானஸ்நானம், சீமந்தம், மெட்ரோவில் வேலை கிடைத்தது, பையனுக்கு வைட்ஃபீல்டில் வேலை போனது, திரும்பக் கிடைத்தது என்று வருஷத்தில் முந்நூறு நாளும் ஏதாவது ஒரு பாத்திரம் தெருவைக் கடந்துகொண்டிருக்கும். வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லையா, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். அரசியல் சட்டத்துக்குக்கூட நூறு தடவைக்கு மேல் திருத்தம் வந்துவிட்டது, இந்தச் சட்டத்தில் ஒரு கமா மாறவில்லை. ஒரு தடவை குளோரியாவின் தட்டைக் காலியாக அனுப்பிவிட்டு ஒரு குடும்பம் பொம்மனஹள்ளிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனது. வாடகை குறைச்சல் என்று அவர்கள் சொன்னார்கள். தெருவில் யாரும் நம்பவில்லை.

அந்தப் பாத்திரங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போவது டென்சில். ஓய்வு பெற்றவர், இரண்டு காலும் சும்மாதான் இருக்கின்றன, எந்த வீட்டிலும் பத்து நிமிஷம் பேசாமல் வரமாட்டார். இதைவிடத் தகுதியான ஆள் யார்?

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் சீட்டு விழுந்த பன்னிரண்டு மாடிகளும் வெள்ளையாயின. மாடிகள் சின்னவை. பன்னிரண்டு லிட்டரில் வேலை முடிந்தது. ஆளுக்கு எட்டு லிட்டர் மிச்சம்.

எட்டு லிட்டர் மிச்சம்! பெரிய படிப்புப் படித்த ஜோவிதா, சோதனையின் ஒவ்வொரு ஓட்டையையும் மூன்று மாதம் உட்கார்ந்து அடைத்தவள், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள், இதை மட்டும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தாம் நம்பர் குளோரியா மாடிக்குப் போனாள். அவள் மாடி பால் கொட்டியது போல் இருந்தது. பக்கத்து மாடியில் சந்திரசேகரனின் மனைவி சொர்ணம், வறட்டுச் சாம்பல் தரையில் குதித்துக் குதித்துத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குளோரியாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஒரே மதில். இந்தப் பக்கம் ஊட்டி, அந்தப் பக்கம் தோசைக்கல். கீழே வந்து, பெரிய எவர்சில்வர் தூக்கில் எதையோ ஊற்றி மூடினாள்.

"அண்ணா, மிச்சம் இருந்துச்சு. சொர்ணம் அக்காகிட்ட குடுத்துடுங்க."

டென்சில் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்ப்பது அநாகரிகம். மோப்பம் பிடிக்கலாம் என்றால், கோவிட் வந்துபோனதிலிருந்து அவர் மூக்கும் ஓய்வு பெற்றுவிட்டது. கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார். 'பாயசம். நல்லா கெட்டியா காய்ச்சியிருக்கா,' என்று நினைத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் போய்ச் சொர்ணத்திடம் கொடுத்தார். தெருவின் மேற்பார்வையாளர், வெள்ளையும் சாம்பலும் கலக்கக் கூடாது என்று தன் பிணத்தின்மேல் சபதம் போட்டவர், தன் கையாலேயே கொடுத்தார்.

சொர்ணம் மூடியைத் திறந்தாள். அவளுக்கு முதலில் சந்தோஷம், அடுத்த நிமிஷம் கவலை. தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! எதைப் போட்டு? சர்க்கரையா? பெயின்ட் வந்த தூக்கில் சர்க்கரை போட்டால் வாயில் வைக்க முடியுமா? பழம் வைத்தால் பழம் வெள்ளையடித்துக்கொள்ளும். யோசித்துப் பார்த்தால் பெயின்ட் வந்த பாத்திரத்தில் போடக்கூடிய பொருள் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவ்வளவுதான். மறுநாள் அந்தத் தூக்கு நிறைந்து குளோரியாவிடம் திரும்பி வந்தது. குளோரியாவின் மாடியில் இடமில்லை, அதைப் பன்னிரண்டாம் நம்பருக்கு அனுப்பினாள். பன்னிரண்டாம் நம்பர் அதைப் பூசிவிட்டு, கடையில் வாங்கி நிரப்பி அனுப்பியது. மூன்றாம் நம்பர் நாலாம் நம்பருக்கு ஒரு அண்டாவே அனுப்பியது. நாலாம் நம்பர் என்ன சளைத்ததா? புதன்கிழமைக்குள் அல்சூர் மார்க்கெட் ஹார்டுவேர் கடையில் வெள்ளை பெயின்ட் ஸ்டாக் இல்லை. வியாழக்கிழமை சிவாஜிநகரில் இல்லை. வெள்ளிக்கிழமை தெருவில் மாடியைவிட பெயின்ட் அதிகமாகிவிட்டது. மதில் சுவர், தண்ணீர்த் தொட்டி, நாய் வீடு எல்லாம் வெள்ளை. எட்டாம் நம்பர் வாசலில் அசை போட்டுக்கொண்டு நின்ற பசு ஒரு கொம்பு மட்டும் வெள்ளையாகித் தப்பித்துக்கொண்டது.

ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு டென்சில் இரண்டு கையிலும் தூக்கோடு தெருவைக் குறுக்கும் நெடுக்கும் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த ஒரே மனவருத்தம், இத்தனை வீட்டில் பாயசம் காய்ச்சுகிறார்கள், ஒருத்தர்கூட "ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்று சொல்லவில்லையே என்பதுதான்.

சனிக்கிழமை காலை ஜோவிதா மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"டாடி, பன்னெண்டாம் நம்பர் வீட்டு வெப்பமானி கெட்டுப்போச்சா? நாலு டிகிரி இறங்கிக் கிடக்கு."

"அவங்க ஏசி வாங்கியிருப்பாங்க."

"நாலாம் நம்பரும் இறங்கியிருக்கே. பதினேழு. பத்தொன்பது. டாடி, எல்லாருமா ஏசி வாங்கினாங்க?"

இரண்டு பேரும் மாடியேறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினார்கள். லைன் இன்ஸ்பெக்டர் முன்னால், பொருளாதாரம் பின்னால். மேலே போய்ப் பார்த்ததும் இரண்டு பேரும் கையால் கண்ணை மூடிக்கொண்டார்கள். தெரு அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒரே வெள்ளை. மேலே பறந்த விமானம் ஒன்று இமயமலைக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

"என் ஒப்பீட்டு வீடெல்லாம் எங்க டாடி?" என்றாள் ஜோவிதா. குரல் சின்னதாகிவிட்டது. "பன்னெண்டு வீடு வெச்சிருந்தேனே. ஒண்ணுகூட இல்ல. இனி எதை எதோட ஒப்பிடறது? இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். டென்சில் கீழே பார்த்தார். குளோரியா வாசலில் நின்று இன்னொரு தூக்கைக் காட்டி, 'கீழே வாங்க' என்று கை அசைத்துக்கொண்டிருந்தாள். மூடி சரியாக மூடவில்லை. ஓரத்தில் வெள்ளையாக வழிந்து, வெயிலில் காய்ந்துபோய் இருந்தது. பாயசம் அப்படிக் காயாது.

டென்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் குறைத்துச் சொன்னார்.

"நான்தான்மா. ஒரு நாலஞ்சு தூக்கு."

"நாலஞ்சா?"

"முப்பத்தொண்ணு."

ஜோவிதா அவரையே பார்த்தாள். டென்சில் டெல்லியைப் பார்த்தார். அங்கே புகை, குளிர், ஒரு வாடகை அறை, அதில் தனியாக ஜோவிதா.

"அந்தத் தூக்கெல்லாம் திரும்பி வந்துச்சா டாடி?"

"காலியா எப்படிம்மா வரும்?"

"அப்போ காசு குடுத்து வாங்கிப் போட்டாங்களா? அவங்க சொந்தக் காசு?"

"ஹார்டுவேர்க் கடைக்காரன் பூஜை போட்டுட்டு இருக்கான். அவன் பொண்ணு கல்யாணத்தை முன்னாடியே வெச்சுட்டானாம்."

ஜோவிதாவின் உதட்டோரம் முதலில் துடித்தது. அழப்போகிறாள் என்று டென்சில் கைக்குட்டையை எடுத்தார். அவள் சிரித்தாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழே டோரதி, "ரெண்டு பேருக்கும் வெயில் மண்டையில ஏறிடுச்சு," என்று எலுமிச்சை ஜூஸோடு ஓடிவந்தாள்.

"டாடி, ஆறாயிரம் கேட்டாங்க! ஆறாயிரம் தந்தாத்தான் செய்வேன்னாங்க! ஒரு தூக்கைத் திருப்பித் தரணும்கிறதுக்காக மூவாயிரத்துக்கு பக்கெட் வாங்கியிருக்காங்க!"

அன்று முழுக்க அவள் கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டாள். எந்தத் தூக்கு எங்கிருந்து எங்கே போனது, எந்த நாள், அந்த வீட்டுக் கூரை எந்த மணிக்குக் குளிர்ந்தது. டென்சில் முப்பத்தொன்றையும் மனப்பாடமாக ஒப்பித்தார். முடிவில் வந்த கணக்கு எளியது. அரசு எல்லா வீட்டுக்கும் தள்ளுபடி தர வேண்டாம். ஒன்று விட்டு ஒரு வீட்டுக்கு ஒரு பக்கெட் கொடுத்தால் போதும், மற்றதைத் தெரு பார்த்துக்கொள்ளும். முதலில் வழிந்து ஓடிய பூஜ்யங்களில் பாதிக்குமேல் ஓடிப்போய்விட்டன.

பேக்கரியில் இந்தச் செய்தி வந்தபோது ஏழு பேர் கைதட்டினார்கள். சந்திரசேகரன், "ஆதாரம்?" என்றார்.

"உங்க மாடியே வெள்ளையா இருக்கே சார்!"

"அது புறா."

"என்னது?"

"புறா எச்சம்யா. ஒரு கூட்டம் வருது தினமும்."

"நானூறு சதுர அடிக்கா? ஓரமெல்லாம் கோடு போட்ட மாதிரி? மூலையில சின்ன பிரஷ் வெச்சு அடிச்ச மாதிரி?"

"ஒழுங்கான புறா," என்றார் சந்திரசேகரன், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே.

தூக்கோடு போகும்போது டென்சில் தெருவிலிருந்து அவரை மாடியில் பார்த்திருந்தார். புதன்கிழமை காலை ஆறு மணி, தலையில் துண்டு, கையில் உருளை பிரஷ். அன்று ஒட்டடை அடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஜோவிதா ஒவ்வொரு வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுத்திருந்தாள், யார் வீடு என்ன செய்தது என்று வெளியே சொல்வதில்லை என்று. "நீங்க இதுல மேற்பார்வையாளர் டாடி. உங்களுக்கும் சேர்த்துத்தான்," என்றாள். அந்தப் பத்து நாளும் டென்சில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வாயை மூடி வைத்திருந்ததில் நாலு கிலோ இளைத்துவிட்டார்.

கருத்துக் கேட்பு ஒரு அரசுக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. தலைமை அதிகாரி ஒரு பெண்மணி, கண்டிப்பானவர். பக்கத்தில் பதிவு எழுதுகிறவர். சந்திரசேகரன் மூன்றாவது வரிசையில், கையில் ஆட்சேபணைக் காகிதத்தோடு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் ஒரு கருத்துக் கேட்பையும் தவறவிட்டதில்லை, ஒன்றையும் ஆட்சேபிக்காமல் விட்டதுமில்லை.

ஜோவிதா திரையில் படம் போட்டாள். சீட்டு விழாத பன்னிரண்டு வீடுகள். திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு கோடாகக் கீழே விழுந்தது. நாலு டிகிரி, நாலரை. ஒரு வீட்டுக்கும் ஒரு ரூபாய் தள்ளுபடி கிடையாது.

"ஹௌதா?" என்றார் அதிகாரி. கன்னடத்தில் 'அப்படியா' என்பதற்கு அத்தனை அர்த்தம் இருக்க முடியும் என்று டென்சிலுக்கு அதுவரை தெரியாது. அவர் தொடர்ந்து கேட்டார்: "சொந்தக் காசுல செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்? யாராவது சும்னே, இலவசமா வாங்கிக் குடுத்திருந்தா? உங்க அப்பா அதே தெருவாமே."

அறை முழுக்க டென்சிலைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். "மேடம், அந்தச் சூரியனையே நான்..."

"டாடி, உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"அந்தப் பன்னெண்டு வீட்டுல யாராவது ஒருத்தரை வரச் சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

"பேர் சொல்ல முடியாது மேடம். வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்போ நான் எதை வெச்சு எழுதறது? படம் யார் வேணும்னாலும் போடலாம்." கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. ஆட்சேபணை ஏதாவது இருந்தா கேட்டுட்டு, அடுத்த விஷயத்துக்குப் போலாம்."

ஜோவிதா மடிக்கணினியை மெதுவாகப் பாதி மூடினாள். டென்சிலின் நாக்கு நுனியில் 'பதினொண்ணு' என்ற எண் வந்து நின்று குதித்தது. மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பிடித்து விழுங்கினார். தொண்டையில் இறங்கும்போது எண்ணின் இரண்டு கோடும் குத்தின.

சந்திரசேகரன் எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. வரித் தள்ளுபடி இல்லாமல் எந்தக் குடிமகனும் தன் சொந்தப் பணத்தில்..."

நிறுத்தினார்.

பதிவு எழுதுகிறவர் பேனாவோடு காத்திருந்தார். "சொந்தப் பணத்தில், சார்?"

சந்திரசேகரன் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி, "சொந்தப் பணத்தில்..." என்றார். அதற்கு மேல் வார்த்தை நகரவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது வழி எழுதியிருக்கிறதா என்று. முப்பத்து நாலு வருஷம். மந்திரி வந்து நின்றபோதும் அவர் கையால் ஒரு பொய்ப் பதிவு ஏறியதில்லை. பேக்கரியில் பேசுவது வேறு. இங்கே பேனா திறந்திருக்கிறது, ஒருத்தர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"இதுவரைக்கும் எழுதினதை அடிச்சிடுங்க," என்றார்.

"ஏன் சார்?"

"தப்பு. பதிவுல தப்பு ஏறக் கூடாது." காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "மேடம், நான் பதினோராம் நம்பர் வீடு. பேரைச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. சந்திரசேகரன், கருவூலத் துணை இயக்குநர், ஓய்வு."

டென்சில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், எழுந்து ஆடிவிடாமல் இருக்க.

"உங்களுக்கு யாராவது பணம் குடுத்தாங்களா?"

"இல்லை."

"தள்ளுபடி வரும்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை. வராதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். இருபது லிட்டர் பக்கெட், ஒரு உருளை பிரஷ், மூலைக்குச் சின்னது ஒண்ணு. மூவாயிரத்து இருநூத்து நாப்பது. ரசீது வீட்டுல இருக்கு."

"இந்தப் பொண்ணோட அறிக்கையில ஒருத்தர் அஞ்சு வருஷத்துக்கு முழு வரித் தள்ளுபடி கேட்டிருக்காரே, அந்த மாதிரி நீங்களும் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் மேடம். அதுவும் நான்தான்."

அறையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். அதிகாரி முன்னால் சாய்ந்தார். "அப்புறம் ஏன் சார் வாங்கினீங்க?"

சந்திரசேகரன் இரண்டு கையையும் விரித்தார். "பக்கத்து வீட்டுத் தூக்கு மேடம். பெயின்ட் நிறைய வந்துச்சு. என் வீட்டம்மா அன்னிக்கு ராத்திரி முழுக்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே... காலியா எப்படித் திருப்பிக் குடுக்கறது, சொல்லுங்க?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கண்டிப்பெல்லாம் எங்கேயோ கழன்று விழுந்ததுபோல், "எங்க தும்கூரு வீட்டுலயும் முடியாது," என்றார். "எங்க அம்மா கொன்னே போட்டுடுவாங்க."

இந்தத் தடவை அறை ஒளிவுமறைவில்லாமல் சிரித்தது. டென்சில் கணக்குப்படி கட்டிடத்தின் மற்ற இரண்டு மாடிகளும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தன.

அதிகாரி கையைத் தூக்கி அடக்கினார். "சார், நீங்க கருவூலக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்துச்சுன்னு நீங்க பதிவு குடுத்தா, ஒன்று விட்டு ஒரு வீடுங்கிற கணக்குல முன்னோட்டத்துக்கு இன்னிக்கே பரிந்துரை எழுதறேன், அந்தப் பொண்ணு அதை நடத்தட்டும். குடுக்கலேன்னா இதை மூடி வெச்சுடுவேன். உங்க தெருவுல இது நிஜமாவே நடந்துச்சா?"

ஜோவிதா மடிக்கணினியை மறுபடி திறந்தாள். சந்திரசேகரன் திரும்பி டென்சிலை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில், இனி ஆயுசு முழுக்க ஒவ்வொரு காலையும் பேக்கரியில் தான் கேட்கப்போவது அத்தனையும் இருந்தது. பெருமூச்சு விட்டு, பதிவு எழுதுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நடந்தது," என்றார். "அப்படியே எழுதிக்குங்க."